சிவகங்கைக் குளத்துக்கு சம்ப் எங்கே?



போன வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கடல்மீன் தொட்டியின் படத்தையும் ஒரு சின்ன வீடியோவையும் போட்டிருந்தேன். மீன் என்ன விலை, என்ன தீனி என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஒரே ஒருவர் மட்டும், பிளம்பிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் பழைய மாணவர், வேறு மாதிரி கேட்டார்: "சார், தொட்டிக்குக் கீழ இருக்கிற அலமாரிக்குள்ள தண்ணி ஓடுற சத்தம் கேக்குதே, அங்க என்ன வச்சிருக்கீங்க?" வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். கேள்வி முதல் பெஞ்சுக்குரியது. அவருக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லப்போனால் உங்கள் எல்லோரிடமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் பதிவு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலமாரிக்குள் இருப்பது சம்ப். நம் வீட்டு வாசலில் முனிசிபாலிட்டித் தண்ணீர் பிடித்து மோட்டார் போட்டு மேலே ஏற்றுகிறோமே, அதே சம்ப்தான். சதுப்பு நிலத்தைக் குறித்த பழைய ஐரோப்பியச் சொல் அது. பிறகு சுரங்கத்தின் அடியில் தண்ணீர் வந்து சேரும் குழிக்குப் பெயரானது. கடைசியில் நம்மூர்க் கொத்தனார் வாயில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. கடல்மீன் தொட்டியில் வேலை கொஞ்சம் வேறு. மேலே அழகான தொட்டி. அழுக்குத் தண்ணீர் தானாக வழிந்து குழாய் வழியே கீழே இறங்கும். கீழே சுத்தமாகி மோட்டார் மூலம் திரும்ப மேலே போகும். நாள் முழுவதும் இப்படியே சுற்றும்.

2018ஆம் வருடம், ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் பேரன் பிடித்த பிடிவாதத்தில் வந்தது இந்தத் தொட்டி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தஞ்சாவூரில் கடல் ஏது? முதலில் நாகப்பட்டினத்திலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவந்தோம். கரையோரத் தண்ணீர் கலங்கல்; ஆற்று முகத்துவாரம் பக்கம் என்றால் உப்பும் குறைவு. பிறகு கடையில் விற்கும் கடலுப்புக் கலவைக்கு மாறினோம். லிட்டருக்கு சுமார் 35 கிராம் வீதம் ஆறு கிலோ உப்பு ஒரே தடவையில் கரைந்தது. சமையல் உப்பைப் போட்டால் போதாதா என்று அவன் அப்பாயி கேட்டாள். கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அளவோடு கலந்திருக்கின்றன, சமையல் உப்பில் அது கிடையாது என்று பேரன் விளக்கினான். "உப்புலகூட இவ்வளவு சங்கதியா" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

சம்ப்பை அவனே ஒட்டினான். இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் குறுக்கே தடுப்புக் கண்ணாடிகள். மேலிருந்து இறங்கும் தண்ணீர் முதல் அறையில் ஒரு துணிப்பைக்குள் விழும். காலுறை மாதிரி இருப்பதால் அதற்குப் பெயரே சாக்ஸ்தான். மீன் கழிவு, மிச்சத் தீனி எல்லாம் அதில் தங்கிவிடும். இரண்டாம் அறையில் நுரை பிரிப்பான். கரும்புச்சாறு காய்ச்சும்போது அழுக்கு நுரையாகப் பொங்கி வர, ஆலைக்காரர் அரிகரண்டியால் வழித்து எடுப்பாரே, அதே தத்துவம். நுண்ணிய காற்றுக் குமிழிகளில் கரைந்த அழுக்கு ஒட்டிக்கொண்டு மேலே வந்து ஒரு கோப்பையில் கறுப்பாக வழிகிறது. உப்புநீரில்தான் அந்தக் குமிழிகள் அவ்வளவு பொடியாக நிற்கும் என்பதால் நன்னீர்த் தொட்டிக்கு இது உதவாது. மூன்றாம் அறையில் துளைத்துளையான பீங்கான் கற்கள். கடைசி அறையில் மோட்டார்.

முதல் நாள் இரவே கூத்து. கரண்ட் போனது. மோட்டார் நின்றது. தண்ணீர் மேலே ஏறுவது நிற்கும், அவ்வளவுதானே என்று நினைத்தோம். மேலே தண்ணீரை விடும் குழாயின் முனை நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே முங்கியிருந்தது. அதே குழாய் சைஃபன் ஆகித் தண்ணீரைக் கீழே இழுக்க ஆரம்பித்தது. 90 × 45 × 5, கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 லிட்டர். சம்ப்பில் காலியிடம் எட்டு லிட்டர்தான். பாக்கி பன்னிரண்டு லிட்டர் உப்புத்தண்ணீர் கூடத்தில். விடியற்காலை அப்பாயி கால் வைத்தபோது எழுந்த சத்தத்தில் தெருவே எழுந்தது. மருந்து எளிமையானது: நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சின்னத் துளை. மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். சம்ப் வைக்க நினைக்கும் யாரும் இந்தத் துளையை மறக்க வேண்டாம்.

அடுத்தது அவசரத்தால் வந்தது. எல்லாம் ஓடுகிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று ஐந்தாம் நாளே இரண்டு மீன் வாங்கி விட்டோம். நான்கு நாளில் இரண்டும் போயின. தெளிவான தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. மீன் வெளிவிடும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தப் பீங்கான் கற்களில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சம்ப்பின் உண்மையான வேலைக்காரர்கள் அவர்கள்தான்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1877இல் பாரிஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இருபது நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. அம்மோனியா உள்ளே போனது, அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் ரசாயன மாற்றம் என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும், இருபது நாள் காத்திருக்க என்ன அவசியம்? குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நின்றது. பிறகு கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. உயிருள்ள ஏதோ ஒன்றுதான் செய்கிறது என்று புரிந்தது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். யூரியா போடும் நம் வயல்களிலும் இவைதான் வேலை செய்கின்றன. சேற்றில் காற்று புகாத இடத்தில் வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டைக் காற்றாக்கி விட்டுவிடும்; போட்ட உரத்தில் பாதி எங்கே போனது என்று தலையில் கை வைக்கும் சம்பா விவசாயிக்கு அது நஷ்டம், மீன் தொட்டிக்காரனுக்கு லாபம்.

இனி, கண்ணாடித் தொட்டியின் கதை. 1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயனக்காரர் மீன், நத்தை, வாலிஸ்னேரியா மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, செடி தரும் ஆக்சிஜனில் மீன் வாழும் என்று காட்டினார். (பிளஸ் டூவில் தாவரவியல் எடுத்தவர்களுக்கு வாலிஸ்னேரியாவின் மகரந்தச் சேர்க்கை மறந்திருக்காது.) 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் கூடம் திறந்தார்கள். பிலிப் ஹென்றி காஸ் 1854இல் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு இங்கிலாந்து முழுவதும் வீட்டுக்கு வீடு கடல் தொட்டி வைக்கும் பித்து பரவியது. எங்களைப் போலவே பலரும் நாற்றத்தில் முடித்தார்கள்.

கோளாறு எங்கே என்று கண்டுகொண்டவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். பேராசிரியர் அல்ல; லண்டனில் மீன் தொட்டிச் சாமான் விற்ற கடைக்காரர். 1864இல் ஹாம்பர்க்கிலும் 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த மீன்காட்சியகங்களில், பார்வையாளர் பார்க்கும் தொட்டிகளைவிட மிகப் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று தரைக்கடியில் இருந்தது. இருட்டு, குளிர்ச்சி. வெயில் படாததால் பாசி பிடிக்காது, சூடும் ஏறாது. நீராவி இயந்திரம் அங்கிருந்து தண்ணீரை மேலே ஏற்ற, அது தொட்டிகள் வழியாக வழிந்து மறுபடி இருட்டுக்கே வரும். கடலே இல்லாத இடத்துக்கு ரயிலில் கொண்டுவந்த கடல்நீரை மாற்றாமல் திரும்பத் திரும்ப ஓட்டினார். பாக்டீரியா பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. காட்டுகிற தொட்டி வேறு, காக்கிற தொட்டி வேறு என்பது அனுபவத்தில் பிடிபட்டிருந்தது. எங்கள் அலமாரிக்குள் இருக்கும் சம்ப்புக்குப் பாட்டனார் அவர்தான். வீடுகளுக்கு இந்த முறை பரவியது மிகவும் பிந்தி. 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் தொடர் எழுதிய பிறகுதான்.

நம் பக்கம் சென்னை மெரினாவில் 1909இல் கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். யோசனை, சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனுடையது. அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். செத்த காலேஜ்காரர் உயிருள்ள மீனுக்கு வீடு கட்டினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது.

இந்தக் கதைகளையெல்லாம் பேரனுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். 2018 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைச் சிவகங்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். குளத்தின் கரையில் நின்று, வழக்கம்போல, இது சோழர் காலத்திலிருந்தே இருப்பதாகச் சொல்வார்கள், நாயக்கர் காலத்தில் சீரமைத்தார்கள், அதோ 1779இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம் என்று ஒப்பித்தேன். அவன் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "இதுக்கு சம்ப் எங்க தாத்தா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் விடை எனக்குத் தெரியும். தெரிந்தும் 31 வருடம் யாருக்கும் காட்டவில்லை.

தஞ்சை நாயக்கர் அரசைத் தொடங்கியவர் சேவப்ப நாயக்கர். 1532இல் அவர் ஆட்சி தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். என் வகுப்பில் அவருக்கு இரண்டு மார்க், பேரன் ரகுநாதருக்கு ஐந்து மார்க். கோட்டைக்கு மேற்கே இவர் வெட்டிய ஏரிதான் சேவப்பநாயக்கன் ஏரி. சேவப்பநாயக்கன்வாரி என்று தெருப்பெயராக உங்களுக்குத் தெரியும். வல்லம் ரோட்டில் சைக்கிள் மிதித்துப் போனவர்களுக்கு மேற்கே போகப் போக மேடு என்பது முழங்காலில் தெரிந்திருக்கும். அந்த மேட்டு நிலத்து மழைநீர் செம்மண் கலங்கலோடு ஏரிக்கு வரும். அங்கே தங்கி மண்டி கீழே படியும். தெளிந்த நீர் பூமிக்கடியில் பதித்த குழாய்கள் வழியாகச் சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து மறுபடி சுட்ட மண் குழாய்களில் கோட்டைக்குள் இருந்த குளங்களுக்கும் கிணறுகளுக்கும், அரண்மனைக்கும் போகும். மராட்டியர் காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஜலசூத்திரம் என்று பெயர். மோட்டார் இல்லை, நீராவி இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீரின் சுபாவம் ஒன்றுதான் முதல்.

அதாவது லாயிட் கடை வைப்பதற்கு முந்நூறு வருடம் முன்பே தஞ்சாவூரில் காட்டுகிற குளம் வேறு, காக்கிற குளம் வேறு என்று இருந்திருக்கிறது. இரண்டும் ஒன்று என்று சாதிக்க மாட்டேன். லாயிட் அதே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றினார். இங்கே மழை கொடுத்தது ஒரே வழியாகப் போய்க் குடத்தில் முடிந்தது. எங்களூர்க்காரன் எல்லாவற்றையும் முன்பே கண்டுபிடித்துவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் போல இதை யாரும் அனுப்பிவிடாதீர்கள். வண்டலை முதல் அறையிலேயே தங்கவிடு என்ற அந்த ஒரு படி மட்டும் இரண்டிலும் பொது.

இப்போது ஒப்புதல். வருடா வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகப் பெரிய கோயிலுக்கும் சிவகங்கைப் பூங்காவுக்கும் கூட்டிப்போனேன். புளியோதரை சாப்பிட்டோம். குளத்தைக் காட்டினேன். "தண்ணி எங்கேருந்து சார் வருது?" என்று உங்களில் ஒருவர் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஊற்று" என்று சொல்லிவிட்டேன். வெயில், பசி, நாற்பது பிள்ளைகளை எண்ணிக் கூட்டிப்போகும் கவலை. இன்னும் கொஞ்சம் மேற்கே நடந்திருந்தால் ஏரியைக் காட்டியிருக்கலாம். அது பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது, பிள்ளைகள் சலிப்பார்கள் என்று நினைத்தேன். கேட்டவருக்கு இன்று பதில் சொல்லிவிட்டேன். முப்பது வருடம் தாமதம்.

அந்த அக்டோபருக்கு அடுத்த மாதம் கஜா வந்தது. நவம்பர் 16 அதிகாலை. பேராவூரணி உறவுகளே, உங்கள் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் போனில் நான் மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கே வெட்கமாக இருந்திருக்கும். ஆனால் எங்கள் கூடத்திலும் ஒரு போராட்டம் நடந்தது. எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாளே கண்ணை மூடியது. மோட்டார் நின்றால் ஆக்சிஜன் இல்லை. மீனுக்கு மட்டுமல்ல, கற்களில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும்தான். பேரன் பீங்கான் கற்களைச் சம்ப்பிலிருந்து எடுத்து ஒரு வாளியில் போட்டு, காற்றுப் படும்படி, அரைமணிக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரையே தெளித்து ஈரமாக வைத்தான். நான் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். டீ ஆற்றுவது போல. ஒரு மணி நேரம் நான், ஒரு மணி நேரம் அவன், நடுராத்திரியில் அப்பாயியும். உப்புத்தண்ணீரில் ஊறி விரல் வெளுத்துவிட்டது. ஐந்து மீனில் மூன்று போயின. இரண்டு கோமாளி மீன்கள் பிழைத்தன. கரண்ட் வந்து கற்களைத் திரும்பப் போட்ட மறுநாள் அம்மோனியா சோதித்தோம். குழாயில் நிறம் மாறவில்லை. கற்கள் பிழைத்துவிட்டன.

மூன்றாம் நாள் இரவு சொம்போடு உட்கார்ந்திருந்தபோது, "கரண்ட் இல்லாம ஓடுறதுதான் தாத்தா நல்ல சிஸ்டம்" என்றான். சேவப்ப நாயக்கரை மனதில் வைத்துத்தான் சொன்னான்.

புயல் ஓய்ந்த பின் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் ஏரிக்குப் போனோம். கரையை ஒட்டி வீடுகள். சம்ப்பின் முதல் அறையில் சாக்ஸை மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை, மூக்கைச் சுளித்தான். குழாய் எங்கே தொடங்குகிறது என்று தேடினான். மேலாகக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் அகப்படவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஸ்மார்ட் சிட்டி வேலையில் அய்யன்குளத்தையும் சாமந்தான்குளத்தையும் தூர்வாரியபோது, சிவகங்கையிலிருந்து அந்தக் குளங்களுக்குத் தண்ணீர் வந்த பழைய நிலத்தடி வழி மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. செய்தித்தாளை வெட்டிப் பேரனுக்கு அனுப்பினேன். "ரிட்டர்ன் லைன் கெடச்சிருச்சு" என்று பதில் போட்டான்.

தொட்டியில் ஏன் பவளம் இல்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நம் நாட்டுக் கடல் பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். கடற்குதிரைக்கும் அதே சட்டம். கடைக்காரர் ரகசியமாகக் காட்டினாலும் வாங்காதீர்கள். கோமாளி மீனை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள கடல் ஆய்வு நிலையங்களில் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள். அப்படி வளர்த்த குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள்.

பேரன் இப்போது வெளியூரில் கல்லூரியில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதல் கேள்வி, "சாக்ஸ் மாத்துனீங்களா தாத்தா?" இரண்டாவதுதான் என் பிரஷர் மாத்திரை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சேவப்பநாயக்கன்வாரி, மேல வீதி, அய்யங்கடைத் தெரு பக்கம் வீடு உள்ளவர்கள் உங்களில் பலர். கடக்கால் தோண்டும்போதோ கிணறு தூர்வாரும்போதோ சுட்ட மண் குழாய் கிடைத்ததாக வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்று தெரிந்தவரை சொல்லுங்கள். உடைந்த துண்டு கொல்லையில் கிடந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் வந்து பார்க்கிறேன். பிளம்பர் மாணவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.